உதவித்தொகை முதல் பணிக்கொடை வரை: பல்கலைக்கழக மாணவர்கள், பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும் படிப்போரும் பணிபுரிவோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் எழுதியிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களும் கல்லூரி விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தேன். புதுமைப்பெண் திட்டத்தில் என் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது என்று கல்லூரியில் சொல்கிறார்கள். உடன் படிப்பவர்களுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் வருகிறது; எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. வங்கியில் கேட்டால் ஆதார் இணைந்திருக்கிறது என்கிறார்கள். (இளநிலை மாணவி, தருமபுரி மாவட்டம்)

பதில்: வங்கிக் கிளையில் "ஆதார் இணைந்திருக்கிறது" என்று சொல்லும்போது, அவர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க ஆதார் எண்ணைக் கணக்கில் பதிந்ததைத்தான். அரசு உதவித்தொகை வந்து சேர அது போதாது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் ஆதார் இணைப்புப் பட்டியலில் உங்கள் எண்ணுக்கு எதிரே எந்த வங்கி பதிவாகியிருக்கிறதோ, அந்த வங்கிக்குத்தான் பணம் செல்லும். ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கி மட்டுமே அங்கே இருக்க முடியும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண் வேறாக இருந்தாலும் பட்டியல் சொல்வதே நடக்கும்.

உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாக நேர்வது இது. பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காக வேறொரு வங்கியில் சிறார் கணக்கு தொடங்கியிருப்பார்கள். பதினெட்டு வயது நிறைந்த பின் அந்தக் கணக்கைப் புதுப்பித்திருக்க மாட்டார்கள். இரண்டாண்டுகளாக வரவு செலவு இல்லாததால் அது செயல்படாத கணக்காக மாறியிருக்கும். ஆனால் பட்டியலில் இன்னும் அந்த வங்கியே நிற்கும். பணம் அங்கே போய்த் திரும்பிவிடும்.

ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கும் வசதி உண்டு. உங்கள் எண்ணைக் கொண்டு நுழைந்தால் எந்த வங்கி பதிவாகியிருக்கிறது, அது நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். பழைய வங்கி இருந்தால், இப்போது பயன்படுத்தும் வங்கிக்குச் சென்று, நேரடிப் பணப்பரிமாற்றத்துக்காக ஆதாரை இணைக்கும் ஒப்புதல் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். படிவத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கல்லூரியில் இத்திட்டத்துக்குப் பொறுப்பான ஒருங்கிணைப்பு அலுவலரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்பதுகூடச் சிக்கலாகும்.

இதே பொருளில் வேறு சிலரும் கேட்டிருந்ததால் ஒரு வரி. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் 2024-25 கல்வியாண்டு முதல் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. தொலைதூரக் கல்வியில் சேர்ந்தவர்களுக்கு இரண்டுமே பொருந்தா. வேறு கல்வி உதவித்தொகை பெற்றாலும் புதுமைப்பெண் தொகையைப் பெறத் தடையில்லை.

கேள்வி: என் மகன் சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் இளநிலை வணிகவியலில் சேர்ந்து 60,000 ரூபாய் கட்டினான். சில நாட்களில் அரசுக் கல்லூரியில் அவன் விரும்பிய பாடம் கிடைத்துவிட்டது. கட்டிய பணம் திரும்பாது என்கிறார்கள்; மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழ்களையும் தர, முழு ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள். (தந்தை, திருநெல்வேலி)

பதில்: இரண்டுமே விதிக்குப் புறம்பானவை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கென முறையாக அறிவிக்கப்பட்ட கடைசி நாளை வைத்தே திருப்பித் தர வேண்டிய தொகை கணக்கிடப்படும். கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதில் 5 விழுக்காடு வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், நடைமுறைச் செலவாகப் பிடித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80 விழுக்காடு. 16 முதல் 30 நாள் வரை 50 விழுக்காடு. அதன் பிறகு ஒன்றும் இல்லை. சேர்க்கையின் கடைசி நாள் ஆகஸ்ட் 31 என்று கொண்டால், செப்டம்பர் 10 அன்று எழுத்தில் விலகிய மாணவருக்கு உங்கள் 60,000 ரூபாயில் 48,000 ரூபாய் வர வேண்டும். காப்புத் தொகை கட்டணத்தில் சேராது; அதை முழுமையாகத் தர வேண்டும். சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமான அறிவிப்புகளும் செய்திருக்கிறது: 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணம். எனவே உங்கள் மகன் சேர்ந்த ஆண்டின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்து உடனே திருப்பிக் கொடுத்துவிட்டு, சுயசான்றொப்பமிட்ட நகல்களை மட்டுமே கல்லூரி வைத்துக்கொள்ளலாம் என்று அதே அறிவிக்கை சொல்கிறது.

இப்போது செய்ய வேண்டியது, விலகல் கடிதத்தை இன்றே கொடுப்பதுதான். நீங்கள் கடிதம் கொடுத்த நாள்தான் கணக்குக்கு ஆதாரம். முதல்வரிடம் வாய்மொழியாகச் சொன்ன நாளை யாரும் ஏற்க மாட்டார்கள். தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். எழுத்து மூல விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். வராவிட்டால் மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அமைந்த மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதுங்கள். அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். நிறைவில்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 வேலை நாள் அவகாசம். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் ஒரு நகல் போகட்டும். அனுபவத்தில் சொல்கிறேன்: பதிவாளர் அலுவலகத்திலிருந்து கோப்பு எண்ணுடன் (ந.க. எண்) விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்த மறுவாரமே பல கல்லூரிகளில் காசோலை தயாராகிவிடும்.

கேள்வி: முதல் பட்டதாரி சான்றிதழ் இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கட்டணச் சலுகை உண்டா? (மாணவர், சேலம்)

பதில்: இல்லை. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே அந்தச் சலுகை. "சேர்ந்துவிடுங்கள், பிறகு வாங்கித் தருகிறோம்" என்று முகவர் எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: 2023இல் முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். இப்போது கருவுற்றிருக்கிறேன். கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை என்பதால் குழந்தை பிறந்த பின் அங்கே செல்ல வேண்டியிருக்கும். ஆய்வைக் கைவிடுவதைத் தவிர வழியில்லை என்று துறையில் சொல்கிறார்கள். (ஆய்வாளர், கோயம்புத்தூர்)

பதில்: கைவிடாதீர்கள். 2022 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்ட மானியக் குழுவின் முனைவர் பட்ட ஒழுங்குமுறையே உங்களுக்குப் பொருந்தும். நீங்கள் சொல்லும் இரண்டு சூழலையும் அது முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது.

ஆய்வுக்காலம் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. மறுபதிவு மூலம் இரண்டாண்டு கூட்டலாம். பெண் ஆய்வாளர்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் இரண்டாண்டு தளர்வு உண்டு. ஆக மொத்தம் பத்தாண்டைத் தாண்டக் கூடாது. இதைத் தவிர, ஆய்வுக்காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவராக இருந்தால், மகப்பேறு விடுப்புக் காலத்துக்கும் உதவித்தொகை உண்டு. அந்தக் காலத்துக்கான கோரிக்கையை மாதந்தோறும் உறுதிப்படுத்திப் பதிவேற்றுவது கல்வி நிறுவனத்தின் வேலை என்பதால் உதவித்தொகைப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இடம் மாறுவது சற்று நுட்பமானது. திருமணம் அல்லது வேறு காரணத்தால் பெண் ஆய்வாளர் இடம்பெயர நேர்ந்தால், அவர் திரட்டிய ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை. ஆனால் அந்த ஆய்வு, உங்கள் வழிகாட்டிக்கோ தற்போதைய நிறுவனத்துக்கோ நிதி நல்கை அமைப்பு ஒன்று வழங்கிய திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே நடந்த பணிக்காகப் பழைய வழிகாட்டிக்கும் நிறுவனத்துக்கும் உரிய மதிப்பளிக்க வேண்டும். ஆகவே உங்கள் தலைப்பு வழிகாட்டியின் திட்டத்தோடு பின்னியிருக்கிறதா என்பதை இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பின்னியிருந்தால், பதிவை இங்கேயே வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வந்து முன்னேற்றத்தைக் காட்டும் ஏற்பாட்டைக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. விடுப்பு விண்ணப்பம் குழந்தை பிறக்கும் முன்பே, வழிகாட்டியின் பரிந்துரையோடு, பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும். "வந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்று விட்டுவைத்த விடுப்பு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளில்தான் தலைதூக்கும்.

கேள்வி: என் தோழியிடம் அவருடைய ஆய்வு வழிகாட்டி தவறாக நடந்துகொள்கிறார். புகார் கொடுத்தால் ஆய்வேட்டில் கையெழுத்திட மாட்டார் என்று அஞ்சுகிறார். (பெயர் குறிப்பிடாதவர்)

பதில்: அந்த அச்சத்துக்கு விதியிலேயே விடை இருக்கிறது. பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, விசாரணை நடக்கும்போதே இடைக்கால நிவாரணம் தர வழி செய்கிறது: புகாருக்குள்ளானவர் புகார் அளித்தவரின் பணியையோ தேர்வையோ மதிப்பிடுவதிலிருந்து அவரை விலக்கிவைக்க உள்ளகப் புகார்க் குழு பரிந்துரைக்கலாம். எனவே புகாரிலேயே, விசாரணை முடியும்வரை வேறொரு வழிகாட்டியை நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

கடைசி நிகழ்வு நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். போதிய காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழுவின் தலைவர் மூத்த பேராசிரியையாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள், மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகள் மூவர், வெளியிலிருந்து ஒருவர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். நாள், நேரம், இடம், சொன்ன சொற்கள், அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை நினைவு பசுமையாக இருக்கும்போதே வரிசையாக எழுதி வைக்கட்டும். செய்திகளைப் படமெடுத்து வேறொரு மின்னஞ்சலுக்கும் அனுப்பி வைக்கட்டும். துறைத் தலைவரிடம் "உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது" என்ற வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் மூன்று மாதக் கெடு கரைந்துவிடும்.

கேள்வி: சில நிமிடம் எழுதினாலே விரல்கள் இறுகிப் பேனா நழுவுகிறது. மாற்றுத்திறன் 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்பதால் பருவத் தேர்வில் சொல்வதை எழுதுபவர் வசதி கிடையாது என்கிறார்கள். (முதுநிலை மாணவர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் நிலைதான் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. எழுதும்போது கை இறுகும் குறைபாடு கொண்ட குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த நீதிமன்றம், 40 விழுக்காடு என்ற அளவுகோல் இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான், தேர்வில் தேவையான நியாயமான வசதியை மறுக்க அதைக் காரணமாக்கக் கூடாது என்றது. அதைத் தொடர்ந்து ஒன்றிய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று, 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எழுத முடியாத நிலையை உறுதிசெய்யும் அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். அது இருந்தால் எழுதுபவரும், ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரமும் கிடைக்கும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, தீர்ப்பையும் இப்போது நடப்பில் உள்ள நெறிகளையும் குறிப்பிட்டு, தேர்வு விண்ணப்பம் போடும்போதே எழுதுங்கள். நுழைவுச்சீட்டு வந்த பிறகு கேட்டால் விதி உங்கள் பக்கம் இருந்தாலும் நேரம் இருக்காது.

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் ஏழாண்டு உதவிப் பேராசிரியராக இருந்து விலகினேன். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டதற்கு, ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்றார்கள். பிறகு, ஆண்டுதோறும் மே மாதம் பணிவிடுவிப்பு கொடுத்து ஜூனில் புதிதாக நியமித்ததால் தொடர்பணி இல்லை என்கிறார்கள். மூலச் சான்றிதழ்களும் அவர்களிடமே உள்ளன. (ஈரோடு மாவட்டம்)

பதில்: முதல் காரணம் காலாவதியானது. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தில் அடங்க மாட்டார்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதற்காகவே நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பின்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் அந்தத் திருத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் தந்திரமானது, ஆனால் வலுவற்றது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் பணிபுரிந்திருந்தால் அதைத் தொடர்பணி ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டம். பதினொரு மாதச் சம்பளச் சீட்டும் வருகைப் பதிவும் உங்களிடம் இருந்தால் அந்த மே மாதப் பணிவிடுவிப்புத் தாள்கள் எடுபடா. தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம், மாணவர் சேர்க்கைப் பணி ஆகியவற்றுக்காக மே மாதத்தில் உங்களை அழைத்த கடிதங்கள் இருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான கல்லூரிகள் மே மாதத்தில் ஆசிரியர்களைச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க அனுப்பியதற்கான சுற்றறிக்கைகளைத் தாங்களே வழங்கியிருக்கும்.

கணக்கு எளிது. கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை 26,000 ரூபாய் என்றால் ஏழாண்டுக்கு 1,05,000 ரூபாய். முதலில் கல்லூரிக்கு எழுத்தில் கோருங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையின் பணிக்கொடைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு கொடுங்கள். காலதாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம்.

சான்றிதழ்களைத் தனி மனுவாக்குங்கள். இரண்டையும் கலந்தால் "சான்றிதழைத் தருகிறோம், மற்றதை விட்டுவிடுங்கள்" என்று பேரம் தொடங்கும். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

கேள்வி: பல்கலைக்கழக விடுதியில் ஒப்பந்ததாரர் மூலம் தூய்மைப் பணி செய்கிறோம். சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடிக்கிறார்கள். கட்டுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (எங்கள் சார்பில் மகள் எழுதுகிறார், சென்னை)

பதில்: சம்பளச் சீட்டில் உங்கள் வருங்கால வைப்பு நிதிக்கான (பி.எஃப்.) பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண் இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணுடன் மகளின் கைபேசியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் கணக்கேட்டைத் திறந்தால், மாதவாரியாக உங்கள் பங்கும் நிறுவனப் பங்கும் தனித்தனியே தெரியும். ஊதியத்தில் உங்களிடம் 12 விழுக்காடு பிடிக்கிறார்கள் என்றால் அதே அளவு ஒப்பந்ததாரரும் செலுத்தியிருக்க வேண்டும். இரண்டு பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள், அது குற்றம்.

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, உங்கள் பங்கு 0.75 விழுக்காடுதான். அட்டை கையில் இல்லாமல் மருத்துவமனைக்குச் செலவழித்துக்கொண்டிருந்தால் இன்றே கேளுங்கள். ஒப்பந்ததாரர் கட்டாத நிதிக்கு, வேலை வாங்கும் பல்கலைக்கழகமும் பொறுப்பாளிதான். ஆகவே புகாரின் ஒரு நகல் நிதி அலுவலருக்கும் போக வேண்டும். ஒப்பந்ததாரரின் பட்டியலுக்குப் பணம் அனுமதிக்கும் கையெழுத்து அவருடையது.

கேள்வி: வகுப்பில் நன்றாகப் படித்த மாணவர் ஒருவர் சில வாரமாக யாரிடமும் பேசுவதில்லை. "இருந்து என்ன பயன்" என்று விடுதி நண்பரிடம் சொல்லியிருக்கிறார். ஆசிரியராக நான் எங்கே தொடங்குவது? (கௌரவ விரிவுரையாளர், விழுப்புரம்)

பதில்: அவரைத் தனியே அழைத்து, நேரடியாகக் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பேசுவதற்கு ஓர் ஆள் கிடைக்கிறார். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள், குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவருக்குச் சொல்லுங்கள். 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண் இரவு பகலாகத் தமிழில் இயங்குகிறது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் நீங்களே அதில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். வருகைக் குறைவு, நிலுவைப் பாடம், கட்டணம் ஆகியவற்றில் ஏதாவது அவரை நெருக்கினால், அதைத் தீர்க்கும் பொறுப்பை ஒரு வாரத்துக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஒரே நாடு ஒரே சந்தா' மூலம் எல்லா ஆய்விதழும் இலவசம் என்றார்கள். எங்கள் கல்லூரியில் திறக்கவில்லை. (முதுநிலை மாணவி, சுயநிதிக் கல்லூரி, நாகர்கோவில்)

பதில்: 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டம், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது; தனியார் சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. உங்கள் ஆய்வறிக்கைக்கு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் கொண்ட 'சோத்கங்கா' களஞ்சியத்தை முதலில் பாருங்கள். அது யாவருக்கும் இலவசம். ஒரு நல்ல ஆய்வேட்டின் துணைநூற்பட்டியல் பத்து ஆய்விதழ்த் தேடலுக்குச் சமம். தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கட்டுரைதான் வேண்டுமென்றால், அதை எழுதியவரின் மின்னஞ்சலுக்கு மூன்று வரி எழுதிக் கேளுங்கள், பெரும்பாலோர் அனுப்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழகப் பொது நூலகத்துக்கு நேரில் செல்வதானால், கல்லூரி முதல்வரின் அறிமுகக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே அமர்ந்து படிக்க அனுமதிப்பார்கள்.